குடிவரவு உயிரியளவுப் பதிவு

குடிவரவு உயிரியளவுப் பதிவு என்பது, ஒரு நாட்டிற்குள் நுழையவோ, அங்கு தங்கிப் பணிபுரியவோ, நிரந்தரமாகக் குடியேறவோ விண்ணப்பிக்கும் ஒருவரின் விரல் ரேகைகளையும் முகப் படத்தையும் அந்நாட்டு அரசு எண்முறையில் பெற்றுச் சேமிக்கும் நடைமுறை ஆகும். பொதுவழக்கில் இது பயோமெட்ரிக் கொடுத்தல் அல்லது கைரேகை வைத்தல் எனப்படுகிறது. விண்ணப்பதாரர் தாம் கூறும் நபர்தானா என்பதை உறுதி செய்வதும், அவர் முன்னர் வேறு பெயரில் விண்ணப்பித்துள்ளாரா, நாடு கடத்தப்பட்டுள்ளாரா, குற்றப் பதிவு உடையவரா என்பவற்றைக் கண்டறிவதும் இதன் நோக்கங்கள் ஆகும்.

இந்நடைமுறை இருபத்தோராம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியது. எனினும் இதன் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் உள்ளன. கடல்கடந்து வாழ்ந்த இந்தியரின், குறிப்பாகத் தமிழரின், வரலாற்றுடனும் இது நெருங்கிய தொடர்புடையது.

சொல்விளக்கம்

உயிரியளவு என்பது உயிருள்ள ஒருவரின் உடலில் அளக்கத்தக்க தனித்த அடையாளத்தைக் குறிக்கும். விரல் ரேகை, முகம், கருவிழிப்படலம், குரல் முதலியன இதில் அடங்கும். குடிவரவுத் துறைகள் பெரும்பாலும் முதல் இரண்டையே பயன்படுத்துகின்றன. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற சில நாடுகள் கருவிழிப்படலத்தையும் பதிவு செய்கின்றன.

தமிழில் எழுத்தறியாதவர் கையொப்பத்திற்குப் பதிலாக இடும் பெருவிரல் அடையாளம் கைநாட்டு எனப்படும். கையொப்பமிடத் தெரியாமையின் அடையாளமாக இருந்த கைநாட்டு, இன்று பொறியாளர், மருத்துவர், மாணவர் என அனைவரும் விசாவிற்காக இடவேண்டிய ஒன்றாகியுள்ளது.

வரலாறு

வங்காளத்தில் தோற்றம்

1858 ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிப்பூரில் நிர்வாக அதிகாரியாக இருந்த வில்லியம் எர்செல், சாலைப் பணிக்கான ஓர் ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கை அச்சைப் பெற்றார். பின்னாளில் ஒப்பந்தத்தை மறுக்க இயலாதவாறு செய்வதே அவரது எண்ணமாக இருந்தது. தொடர்ந்த ஆண்டுகளில், ஒருவரின் ரேகை வயது ஏறினும் மாறுவதில்லை என்பதை அவர் கவனித்துப் பதிவு செய்தார். 1880 இல் என்றி ஃபோல்ட்ஸ் விரல் ரேகையைக் குற்றப் புலனாய்வில் பயன்படுத்தலாம் என நேச்சர் இதழில் எழுதினார். 1892 இல் பிரான்சிசு கால்ட்டன் ரேகைகள் குறித்த தமது நூலை வெளியிட்டார்.

ரேகைகளைச் சேமிப்பதைவிட, சேமித்தவற்றுள் ஒன்றைத் தேடி எடுப்பதே பெரும் சிக்கலாக இருந்தது. வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்டு என்றியின் கீழ்ப் பணியாற்றிய அசிசுல் அக், ஏமச்சந்திர போசு ஆகிய இருவரும் பத்து விரல்களின் ரேகைகளை 1,024 பிரிவுகளாகப் பகுக்கும் முறையை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றினர். 1897 இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. 1901 இல் இம்முறை இலண்டன் காவல்துறையில் நடைமுறைக்கு வந்தது. இது என்றி முறை என்றே பெயர் பெற்றது.

டிரான்சுவால் பதிவுச் சட்டம்

விரல் ரேகையைக் குடிவரவுக் கட்டுப்பாட்டிற்குப் பெருமளவில் பயன்படுத்த முயன்ற தொடக்ககால நிகழ்வுகளுள் தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவாலில் நடந்தது முதன்மையானது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பெயர், ஊர், சாதி, உயரம் ஆகியவற்றுடன் உடலிலுள்ள தழும்பு, மச்சம் முதலிய அடையாளங்களும் கப்பல் பட்டியல்களில் எழுதப்பட்டன. தழும்பின் இடத்தைப் பின்னர் ரேகை பிடித்தது.

1906 ஆகஸ்டில் வெளியான டிரான்சுவால் ஆசியர் சட்ட வரைவு, எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் அனைவரும் பதிவு செய்து, விரல் அடையாளங்களை அளித்து, சான்றிதழை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்றது. பெண்களுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. 1906 செப்டம்பர் 11 அன்று யோகானசுபர்க்கின் எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர் இதற்குப் பணிவதில்லை என உறுதி எடுத்தனர். 1907 இல் சட்டம் நிறைவேறியது. அங்கிருந்த ஏறத்தாழ 13,000 இந்தியருள் சுமார் 500 பேரே கெடு முடியும்வரை பதிவு செய்தனர்.

பத்து விரல் ரேகை சட்டப்படி குற்றவாளிகளிடம் மட்டுமே பெறப்படுவது என்பதை என்றியின் நூலைப் படித்து அறிந்ததாகக் காந்தி எழுதியுள்ளார். தாமாக வந்து குடியேறிய ஒரு சமூகத்தை முழுவதும் ஐயத்திற்குரியதாகக் கருதும் சட்டம் என்பதே எதிர்ப்பின் அடிப்படையாக இருந்தது.

1908 சனவரியில் சுமட்சுடன் உடன்பாடு ஏற்பட்டது. உடன்பாட்டுக் கடிதத்தில் காந்தி, மொரிசியசில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு, சீனர் தலைவர் லியுங் குயின் ஆகிய மூவரும் கையொப்பமிட்டனர். கட்டாயம் நீங்கினால் தாமாக முன்வந்து பதிவு செய்வதாக இந்தியர் ஏற்றனர். 1908 பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில், உடன்பாட்டை ஏற்காத மீர் ஆலம் என்பவரும் அவரது தோழர்களும் காந்தியைத் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் காயமடைந்தார். சட்டம் திரும்பப் பெறப்படாததால், 1908 ஆகஸ்ட் 16 அன்று அமீதியா பள்ளிவாசல் திடலில் 2,000 க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. இப்போராட்டத்தில் சிறை சென்ற இளைஞர் நாகப்பன், விடுதலையான சில நாட்களில் 1909 ஜூலையில் இறந்தார்.

கட்டாயம் என்னும்போது உயிரைப் பணயம் வைத்து மறுக்கப்பட்ட அதே பத்து விரல் ரேகையைக் காந்தி உட்படப் பலர் விருப்பப் பதிவாகும்போது அளித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எண்முறைக் காலம்

மை தடவித் தாளில் உருட்டும் முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. பிரித்தானியா 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் புகலிடம் கோருவோரிடம் ரேகை பெறத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோடாக் தரவுத்தளம் 2003 சனவரி 15 அன்று செயற்பாட்டுக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர் அமெரிக்கா தன் விசா நடைமுறையில் உயிரியளவைக் கட்டாயமாக்கியது. 2004 அக்டோபருக்குள் அதன் எல்லாத் தூதரகங்களிலும் இரண்டு சுட்டு விரல்களின் ரேகை பெறப்பட்டது. 2007 இறுதி முதல் இது பத்து விரல்களாக மாறியது.

தொழில்நுட்பம்

விரல் நுனியின் தோல் மேடும் பள்ளமுமான கோடுகளால் ஆனது. இக்கோடுகளின் பொது வடிவம் வில், வளையம், சுழி என மூவகைப்படும். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய உதவுவது இவ்வடிவம் அன்று. கோடு முடியும் இடங்களும், கிளை பிரியும் இடங்களுமே அதற்குப் பயன்படுகின்றன. இவை நுண்புள்ளிகள் எனலாம். கணினி இவற்றின் இருப்பிடத்தையும் திசையையும் எண்களாகக் குறித்துக் கொண்டு, இரு பதிவுகளின் புள்ளி அமைப்புகளை ஒப்பிட்டு ஒற்றுமை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் இரண்டும் ஒன்று எனக் கொள்ளப்படும். எனவே ஒப்பீட்டின் விடை நிகழ்தகவு சார்ந்தது. வரம்பை உயர்த்தினால் உரியவர் மறுக்கப்படும் வாய்ப்பு கூடும். தாழ்த்தினால் பிறர் ஏற்கப்படும் வாய்ப்பு கூடும்.

ஒப்பீடு இரு வகைப்படும்.

சரிபார்த்தல்: வந்திருப்பவர் விசா பெற்றவர்தானா என ஒரு பதிவை மற்றொரு பதிவுடன் ஒப்பிடுதல். விமான நிலையத்தில் நடப்பது இது.

அடையாளம் காணல்: ஒரு பதிவைத் தரவுத்தளத்திலுள்ள எல்லாப் பதிவுகளுடனும் ஒப்பிடுதல். விண்ணப்பத்தின்போது நடப்பது இது. ஒப்பீடுகளின் எண்ணிக்கை பெருகுவதால் இதற்குப் பத்து விரல்களும் தேவைப்படுகின்றன.

ஒளியியல் வருடியில் விரல் ஒரு கண்ணாடிப் பட்டகத்தின் மீது வைக்கப்படுகிறது. தோலின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடங்களில் முழு அக எதிரொளிப்பு தடைப்பட்டு அவை இருண்ட கோடுகளாகத் தெரிகின்றன; பள்ளங்கள் ஒளிர்கின்றன. அங்குலத்திற்கு 500 படப்புள்ளிகள் என்பது பொதுவான நுணுக்க அளவு ஆகும். விரல் மிகவும் உலர்ந்திருந்தால் கோடுகள் விட்டுவிட்டும், வியர்வை மிகுந்திருந்தால் ஒன்றோடொன்று கலந்தும் பதிகின்றன.

பதிவு நடைமுறை

நாட்டிற்கு நாடு சிறு வேறுபாடுகள் இருப்பினும், நடைமுறை பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

1. விண்ணப்பதாரர் இணையவழி விண்ணப்பத்தை நிறைவு செய்து கட்டணம் செலுத்துகிறார்.
2. விண்ணப்ப மையத்தில் நாளும் நேரமும் முன்பதிவு செய்கிறார்.
3. குறித்த நாளில் கடவுச்சீட்டு, முன்பதிவுக் கடிதம் ஆகியவற்றுடன் நேரில் செல்கிறார்.
4. வலக்கை நான்கு விரல்கள், இடக்கை நான்கு விரல்கள், இரு பெருவிரல்கள் என்ற வரிசையில் ரேகை பதிவாகிறது.
5. வெளிர்நிறப் பின்னணியில் முகப் படம் எடுக்கப்படுகிறது.
6. தரவு உரிய நாட்டின் குடிவரவுத் துறைக்கு அனுப்பப்பட்டு, தரவுத்தளங்களுடன் ஒப்பிடப்படுகிறது.

பதிவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெட்டுக்காயம், கொப்புளம், மருதாணி ஆகியவை விரல் நுனியில் இருப்பின் பதிவு தடைப்படலாம். எனவே அவை நீங்கிய பின் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறது. முகப் படத்தில் இரு கண்களும் மறைவின்றித் தெரிய வேண்டும். அமெரிக்க விசாப் படங்களில் 2016 நவம்பர் 1 முதல் மூக்குக்கண்ணாடி அனுமதிக்கப்படுவதில்லை. சமயம் சார்ந்த தலை மறைப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு. ஆயினும் முகம் முழுதும் தெரிய வேண்டும்.

விண்ணப்ப மையங்களைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. இத்துறையின் பெரிய நிறுவனமான வி.எஃப்.எசு. குளோபல் 2001 இல் மும்பையில் தொடங்கப்பட்டது. மையத்தின் பணி ஆவணங்களையும் உயிரியளவுகளையும் பெற்று அனுப்புவது மட்டுமே. விசா வழங்குவதா மறுப்பதா என்ற முடிவில் மைய ஊழியருக்குப் பங்கில்லை. ஒருவருக்காக மற்றொருவர் ரேகை அளிக்க இயலாது என்பதால், இடைத்தரகர் எவரும் இக்கட்டத்தை மாற்றியமைக்க முடியாது.

நாடுகள் வாரியாக

அமெரிக்கா: விசாவிற்குப் பத்து விரல் ரேகை பெறப்படுகிறது. நாட்டினுள் இருந்தபடி நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்போர் விண்ணப்ப உதவி மையத்திற்கு அழைக்கப்படுவர். அவர்களின் ரேகைகள் நடுவண் புலனாய்வுப் பணியகத்தின் பதிவுகளுடன் ஒப்பிடப்படும். இதற்கெனத் தனியாகப் பெறப்பட்ட 85 டாலர் கட்டணம், 2024 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான விண்ணப்பங்களில் முதன்மைக் கட்டணத்துடன் இணைக்கப்பட்டது.

கனடா: 2013 இல் இலங்கை உள்ளிட்ட 29 நாடுகளுக்கும் ஓர் ஆட்சிப் பகுதிக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2018 டிசம்பர் 31 முதல் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 14 முதல் 79 வயது வரையுள்ளோர் அளிக்க வேண்டும். புகலிடம் கோருவோருக்கு மேல் வயது வரம்பு இல்லை. தற்காலிக விசாக்களுக்கு ஒருமுறை அளித்த பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அறிவுறுத்தல் கடிதம் கிடைத்து 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பிரித்தானியா: உலகெங்கும் விசா விண்ணப்பதாரரிடம் ரேகை பெறும் பணி 2008 தொடக்கத்தில் நிறைவுற்றது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ரேகை பெறப்படுவதில்லை. 2008 முதல் வழங்கப்பட்ட உயிரியளவு வசிப்பு அட்டைகள் 2024 டிசம்பர் 31 உடன் காலாவதியாகி, மின்விசா முறை அவற்றின் இடத்தைப் பிடித்தது.

செங்கன் நாடுகள்: இந்தியாவில் 2015 நவம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை அளித்த ரேகை 59 மாதங்கள் வரை மறுமுறை பயன்படுத்தப்படலாம். 12 வயதுக்குட்பட்டோருக்கு விலக்கு உண்டு.

சிங்கப்பூர், மலேசியா: தமிழகத் தொழிலாளர் பெருமளவில் செல்லும் சிங்கப்பூரில், பணி அனுமதி பெறுவோர் நாட்டை அடைந்த பின் மனிதவள அமைச்சின் மையத்தில் ரேகையும் படமும் அளிக்கின்றனர். மலேசியா 2011 ஜூன் முதல் எல்லை வாயில்களில் வெளிநாட்டவரின் ரேகையைப் பதிவு செய்யத் தொடங்கியது.

இந்தியா: தன் நாட்டிற்கு வரும் வெளிநாட்டவரின் உயிரியளவுகளை இந்தியாவும் பெறுகிறது. 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1946 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கி, உயிரியளவு பெறும் அதிகாரத்திற்கும் வழி செய்தது.

சென்னையும் தென் புறநகரும்

தென்னிந்தியாவில் விசா விண்ணப்பங்கள் மிகுதியாகப் பதிவாகும் நகரங்களுள் சென்னை ஒன்று. அண்ணா மேம்பாலத்தின் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்துள்ளது. 2012 செப்டம்பரில் இந்தியாவில் அமெரிக்க விசா நடைமுறை மாற்றப்பட்டபோது, ரேகையும் படமும் அளிப்பது தூதரகத்திற்கு வெளியே தனி மையத்திற்கு மாற்றப்பட்டது. அதனால் நேர்காணல் உள்ள விண்ணப்பதாரர், மையத்திற்கு ஒருமுறையும் தூதரகத்திற்கு ஒருமுறையும் என இருமுறை செல்கின்றனர்.

தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர் உள்ளிட்ட தென் புறநகர்ப் பகுதிகளில் 1984 இல் அமைந்த சென்னை ஏற்றுமதி வளாகத்தாலும், பின்னர் வந்த மென்பொருள் நிறுவனங்களாலும், பொறியியல் கல்லூரிகளாலும் வெளிநாடு செல்வோர் பெருகினர். இப்பகுதியில் வாழும் ஒருவர் வெளிநாடு செல்லும்போது ரேகை அளிக்கும் இடங்களை வரிசைப்படுத்தினால் இந்நடைமுறையின் பரப்பு விளங்கும்.

முதலாவது, தாம்பரத்திலுள்ள கடவுச்சீட்டு சேவை மையம். இங்கு முதல் கட்டமான அ முகப்பில் விண்ணப்பதாரரின் படமும் ரேகையும் பெறப்படுகின்றன. இரண்டாவது, சென்னை நகரிலுள்ள உரிய நாட்டின் விசா விண்ணப்ப மையம். மூன்றாவது, மீனம்பாக்கம் விமான நிலையம்: விரைவு குடிவரவுத் திட்டத்தில் சேர்ந்தோர் மட்டும் இங்கு தானியங்கி வாயிலில் உயிரியளவைக் காட்டிச் செல்கின்றனர். 2024 ஜூனில் தில்லியில் தொடங்கிய இத்திட்டம் 2025 சனவரியில் சென்னைக்கு விரிவாக்கப்பட்டது. நான்காவது, சென்றடையும் நாட்டின் குடிவரவு முகப்பு.

ஆதார் பதிவு இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆதாரில் சேமித்த ரேகையை எக்காரணம் கொண்டும் பிறருடன் பகிரக்கூடாது என 2016 ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் கூறுகிறது. எனவே ஆதார் பெற்றவரும் விசாவிற்குப் புதிதாக ரேகை அளிக்க வேண்டும்.

ரேகை பதியாமை

எல்லாருடைய ரேகையும் எளிதில் பதிவதில்லை. சிமெண்டு, சுண்ணாம்பு, செங்கல் ஆகியவற்றில் வேலை செய்வோருக்கு விரல் நுனித் தோல் தேய்ந்து கோடுகள் மங்குகின்றன. பண்ருட்டி போன்ற இடங்களில் முந்திரிக்கொட்டை உடைப்போரின் விரல்களை ஓட்டிலுள்ள அரிக்கும் எண்ணெய் பாதிக்கிறது. முதுமையில் தோலின் நெகிழ்ச்சி குறைவதாலும் பதிவு தெளிவிழக்கும். கட்டட வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்பவரும், மகனையோ மகளையோ காணச் செல்லும் முதிய பெற்றோருமே இதனால் மிகுதியும் இடர்ப்படுவோர் ஆவர். உழைத்துத் தேய்ந்த விரல், கருவிக்கு அடையாளமற்ற விரலாகத் தெரிகிறது.

சில மருந்துகளும் காரணமாகலாம். கேப்பசிட்டபின் என்னும் புற்றுநோய் மருந்து சிலருக்கு உள்ளங்கைத் தோலை உரியச் செய்கிறது. இம்மருந்தை உட்கொண்ட சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயது நோயாளி ஒருவர், 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை இல்லாததால் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டார். இது 2009 இல் மருத்துவ இதழில் வெளியானது. இத்தகையோர் மருத்துவரின் கடிதத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என மருத்துவர்கள் பரிந்துரைத்தனர்.

பிறவியிலேயே ரேகை இல்லாத மிக அரிய நிலையும் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தோர், இதற்கு ஒரு மரபணு மாற்றம் காரணம் என 2011 இல் கண்டறிந்தனர். அக்குடும்பப் பெண் ஒருவர் அமெரிக்காவிற்குள் நுழைகையில் சந்தித்த இடர்ப்பாட்டால், இந்நிலைக்குக் குடிவரவுத் தாமத நோய் என்ற பெயரும் வழங்குகிறது.

ரேகை தெளிவாகப் பதியாவிட்டால் மீண்டும் ஒருமுறை அழைப்பதே வழக்கம். விரல் இழந்தோரிடம் எஞ்சிய விரல்களின் ரேகையும், விரல்களே இல்லாதோரிடம் முகப் படம் மட்டும் பெறப்படும். வருமுன் சில நாட்கள் கைகளுக்கு எண்ணெயோ களிம்போ பூசி ஈரப்பதம் காத்து, பதிவின்போது துடைத்துவிடுவது உலர்ந்த தோலுக்குப் பயன் தரும்.

ஏதிலிகளும் ரேகையும்

விசா விண்ணப்பதாரருக்கு ரேகை ஒரு சடங்கு போன்றது. ஏதிலிக்கு அது விதியைத் தீர்மானிக்கும். ஐரோப்பாவின் டப்ளின் விதிகளின்படி, புகலிடக் கோரிக்கையைப் பொதுவாக முதலில் நுழைந்த நாடே ஆராய வேண்டும். முதலில் எங்கு நுழைந்தார் என்பதற்கு யூரோடாக்கில் உள்ள ரேகை சான்றாகிறது. இலங்கைப் போரின் காரணமாக ஐரோப்பா சென்ற தமிழர், உறவினர் வாழும் நாட்டை அடைந்த பின்னரும் வழியில் ரேகை பதிந்த நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்படும் நிலைக்கு ஆளாயினர். வெவ்வேறு நாட்டவர் சிலர் ரேகையை மறைக்கத் தம் விரல் நுனிகளைத் தாமே சிதைத்துக் கொண்டதும் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளது. யூரோடாக்கில் 14 ஆக இருந்த குறைந்தபட்ச வயதை, 2024 ஆம் ஆண்டின் புதிய ஒழுங்குவிதி 6 ஆகக் குறைத்தது.

2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தனர். அவர்களின் அடையாளம் உறுதி செய்யப்படும்வரை பலர் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். ஆவணங்களின்றித் தப்பி வருவோருக்கு உடலே ஆவணமாகிவிடுவதை இது காட்டுகிறது.

தனியுரிமை

கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற இயலாது. 2015 இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 56 லட்சம் பேரின் ரேகைகள் களவு போயின. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகள் குடிவரவு ரேகைகளைத் தம்முள் ஒப்பிட்டுக் கொள்கின்றன. ஆகவே ஒரு நாட்டில் அளித்த ரேகை பிற நாட்டின் முடிவிலும் செல்வாக்குச் செலுத்தலாம். ஒரு நாட்டில் விசா மறுக்கப்பட்டதை மற்றொரு நாட்டின் விண்ணப்பத்தில் மறைப்பது இதனால் எளிதில் வெளிப்படும்.

குற்றம் நிரூபிக்கப்படாதோரின் ரேகைகளைக் காலவரையறையின்றிச் சேமிப்பது தனிவாழ்வுரிமைக்கு முரணானது என 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. ஆயினும் வேற்றுநாட்டு அரசிடம் ஒரு விண்ணப்பதாரர் தாமாக அளிக்கும் தரவு அந்நாட்டுச் சட்டத்திற்கே உட்படும். அளிக்க மறுப்பவரைச் சிறையில் இடும் சட்டம் இங்கு இல்லை. விண்ணப்பம் மட்டும் ஏற்கப்படாது. விருப்பத்திற்கும் கட்டாயத்திற்கும் இடையிலான இக்கோட்டைப் பற்றியே 1908 இல் டிரான்சுவாலில் வாதிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

கடவுச்சீட்டு
விசா
விரல் ரேகை
ஆதார்
தம்பி நாயுடு
தென்னாப்பிரிக்கத் தமிழர்
புகலிட உரிமை